எடை வேறு, பாரம் வேறு

நூறு கிராம் எவ்வளவு என்பதை மாமல்லபுரத்து மீன்காரப் பெண்களிடம் கேட்க வேண்டும். ஒரு கிலோ நெத்திலியை நிறுத்துப் பையில் கொட்டிய பிறகு, வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்து இன்னொரு பிடி அள்ளி மேலே போடுவார்கள். அதற்குக் காசு கிடையாது. அதற்குப் பெயர் கொசுறு.

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை மாலை. என்னிடம் மல்யுத்தம் பழகும் பெண்பிள்ளைகள் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டார்கள். ஆனால் யாரும் ஷூ மாட்டவில்லை. மேட் என்கிற பயிற்சி மெத்தையின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் மூன்று பேரை வென்று இறுதிப் போட்டிக்குப் போயிருந்த வினேஷ் போகட், அன்று காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டிருந்தார். தங்கத்துக்கு மோத வேண்டியவருக்கு வெள்ளியும் இல்லை. விதிப்படி பட்டியலில் கடைசி இடம்.

மகளை அழைத்துப்போக வந்த ஓர் அம்மா, கூடையிலிருந்து தோளில் வழிந்த ஈரம்கூடக் காயாமல், வாசலிலேயே நின்று கேட்டார்: “இன்னா டீச்சர், நூறு கிராமாமே? அத நாங்க கொசுறாவே போட்டுடுவோமே!”

பதினெட்டு வருடமாக இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த அம்மாவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது விதியைப் பற்றி இல்லை. ஒரு பெண்ணின் உடம்பை எதை வைத்து அளக்கிறீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போகும் சாலையில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் எங்கள் கோதா. பந்தி பரிமாறிய இடத்தில் இப்போது மேட் விரித்திருக்கிறோம். பிள்ளைகளில் பாதிப் பேர் செங்கல்பட்டுப் பக்கம். மீதிப் பேர் கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம் என்று கடலோரக் குப்பங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். வாசலை ஒட்டி ஒரு எடை மெஷின் இருக்கிறது. உள்ளே நுழைகிற பிள்ளைகளின் கண் முதலில் அதில்தான் விழும். அது அங்கே இருப்பது சரியா என்ற கேள்வியே அந்த மாலைக்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

எடைப் பிரிவு என்பது கெட்ட விஷயம் இல்லை. அது நியாயத்துக்காக வந்தது. பருமனான ஆள் ஒல்லியான ஆளை நசுக்குவதில் கலை ஒன்றும் இல்லை. சமமான உடம்புகளை எதிரெதிரே நிறுத்தினால்தான் பழக்கமும் புத்தியும் வெளியே தெரியும். பெண்களுக்கான முதல் உலக மல்யுத்தப் போட்டி 1987-இல் நார்வேயில் நடந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் வந்தது 2004-இல், ஏதென்ஸில், 4 எடைப் பிரிவுகளோடு. 2016 ரியோவில் அது 6 ஆனது. பாரிஸில் 50, 53, 57, 62, 68, 76 என்று ஆறு பிரிவுகள். இந்த எண்களில் ஏதாவது ஒன்றுக்குள் தன் உடம்பைப் பொருத்திக்கொள்ள ஒரு பெண் தன் இளமை முழுவதையும் செலவிடுகிறாள். அவளுக்கு அது வெறும் எண் இல்லை, ஒரு வீட்டின் கதவு. அகலம் கொஞ்சம் கூடினாலும் உள்ளே போக முடியாது.

போட்டி நாள் காலையில் முதலில் மருத்துவர் பார்ப்பார். தோலில் படை, சொறி இருக்கிறதா, நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். பிறகு சிங்லெட் என்ற ஆட்ட உடுப்போடு தராசில் ஏற வேண்டும். முன்பெல்லாம் முந்தின நாள் மாலையே எடை பார்த்துவிடுவார்கள். அப்போது உடம்பை வற்றவைத்து எடைக்குள் வந்துவிட்டு, இரவெல்லாம் சாப்பிட்டுத் தேறி, மறுநாள் மூன்று நான்கு கிலோ கூடுதலாக மேட்டில் நிற்கிற பழக்கம் பெருகியது. அதை ஒடுக்கத்தான் 2018-இலிருந்து ஒரு பிரிவின் ஆட்டங்களை இரண்டு நாளாகப் பிரித்து, இரண்டு நாளும் காலையில் எடை பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். உடம்பைக் காப்பாற்ற வந்த விதி அது. இயல்பான எடைக்குக் கீழே போய் நிற்கிற ஒருத்திக்கு அதுவே இரண்டு முறை மூச்சுமுட்டும் விதியாகிவிடுகிறது. வினேஷ் பல ஆண்டு 53 கிலோவில் ஆடியவர். பாரிஸுக்கு அந்தப் பிரிவில் அந்திம் பங்கால் இருந்தார். வினேஷ் 50-க்கு இறங்கினார்.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி அவர் ஆடிய முதல் ஆட்டத்தை எங்கள் கூடத்தில் நாற்பது தடவையாவது போட்டுப் பார்த்திருப்போம். எதிரே ஜப்பானின் யுயி சுசாகி. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கியவர். அதுவரை வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் தோற்றதே இல்லை.

ஃப்ரீஸ்டைலில் மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று. தாக்காமல் ஒதுங்கி நிற்கும் ஆளை நடுவர் எச்சரித்து, 30 விநாடி கெடு வைப்பார். அதற்குள் இருவரில் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. வினேஷ் அப்படி இரண்டு முறை ஒவ்வொரு புள்ளி கொடுத்தார். பார்ப்பவர்களுக்கு அது பயந்து ஒதுங்குவதுபோல் இருந்திருக்கும். என் பிள்ளைகளிடம் படத்தை நிறுத்தி வினேஷின் காலைப் பாருங்கள் என்பேன். சுசாகியின் பலமே பாய்ந்து வரும் காலைப் பிடிப்பதும், பிடித்த காலைச் சுருட்டி உருட்டுவதும்தான். அவருக்குப் பிடிக்க ஒரு கால்கூடக் கொடுக்கக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டு நிற்கிறார் வினேஷ். தலையைத் தலையோடு சேர்த்து, கையைக் கையால் அடக்கி, பாதம் மேட்டைவிட்டுக் கிளம்பாமல். இரண்டு புள்ளி என்ற விலை கொடுத்து ஐந்தரை நிமிடத்தை வாங்கினார். கடைசிச் சில நொடிகளில், சுசாகியின் உடம்பு ஆட்டம் முடிந்துவிட்டது என்று நம்பித் துளி தளர்ந்த நேரத்தில், உள்ளே புகுந்து சாய்த்தார். இரண்டுக்கு இரண்டு. ஜப்பான் தரப்பு முறையிட்டது, அது தள்ளுபடியானதால் இன்னொரு புள்ளி. 3-2.

அடுத்து உக்ரைனின் ஒக்சானா லிவாச்சை 7-5, அரையிறுதியில் கியூபாவின் யுஸ்னெய்லிஸ் குஸ்மானை 5-0. ஒரே நாளில் மூன்று மோதல். நடுவில் நீரும் உணவும் இல்லாமல் நிற்க முடியாது. மாலையில் எடை 2.7 கிலோ கூடியிருந்ததாகச் செய்திகள் வந்தன. இரவு முழுக்க ஓடினார், வியர்வை அறையில் உட்கார்ந்தார். தலைமுடியை வெட்டினார்கள், உடுப்பைக்கூடக் குறைத்தார்கள். அத்தனைக்குப் பிறகும் 100 கிராம் போகவில்லை. ஒரு நாள் முழுக்க உழைத்துக் களைத்த உடம்பு தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்ட கடைசி ஈரம் அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பதினேழு வயதில் ஒரு போட்டி. எடை பார்ப்பதற்கு முந்தின இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை. ஸ்வெட்டருக்குள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினேன். எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டே இருந்தேன். எடைக்குள் வந்துவிட்டேன். இரண்டாவது சுற்றில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, எதிராளி தொடாமலே விழுந்தேன். அதிலிருந்து பாடம் கற்றேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பயிற்சியாளராக ஆன மூன்றாவது வருடம், அதே மழைக்கோட்டை வேறொரு பிள்ளைக்கு நானே மாட்டிவிட்டேன். அவளும் எடைக்குள் வந்தாள். மேட்டில் நின்றபோது அவள் கண்ணில் ஆளே இல்லை. அந்தக் கண்ணை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 1997-இன் கடைசி வாரங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடை குறைக்கும் முயற்சியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே விதிகள் மாறின. நம் தசை தன் எரிபொருளைச் சேமிக்கும்போது அதோடு மூன்று மடங்கு நீரையும் சேர்த்து வைக்கிறது. எரிபொருளைக் கரைத்தால் அந்த நீரும் போகும். எடையோடு வலுவும் இறங்கிவிடும். பெண்பிள்ளைக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் உடம்பு நீர் கோத்துக்கொள்ளும். தராசில் எண் ஏறும். அவள் ஒன்றும் தப்புச் செய்திருக்க மாட்டாள். தொடர்ந்து உழைப்புக்குப் போதாமல் சாப்பிட்டுவந்தால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு வலுவிழக்கும். இதை ஆண் பயிற்சியாளர்கள் பேசக் கூசுவார்கள், பிள்ளைகள் சொல்லக் கூசுவார்கள். நடுவில் தராசு மட்டும் கூசாமல் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது எங்கள் கூடத்தில் மூன்று கட்டுப்பாடு. வளரும் பிள்ளை எவளும் நீரை விட்டு எடை குறைக்கக் கூடாது. தன் மாதத் தேதியைத் தானே ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் தராசில் ஏற வேண்டும். இட்லிக்கு முந்தின எடை எனக்குத் தேவையில்லை. இட்லியோடு சேர்ந்தவள்தான் என் பிள்ளை.

தராசின் கதை இவ்வளவுதான். மேட்டில் ஏறிவிட்டால் அது காட்டிய எண்ணுக்கு வேலை இல்லை.

எடை உடம்பில் இருக்கிறது. பாரம் அதை வைக்கிற இடத்தில் இருக்கிறது. ஒரே 50 கிலோ, நன்றாகப் பழகியவளிடம் எதிராளியின் பிடரியில் முன்கையாகத் தொங்கும்போது அரிசி மூட்டை. பழகாதவளிடம் அதுவே காற்றடித்த பை. பழகியவள் தன் தலையைத் தானே சுமக்க மாட்டாள். எதிராளியின் நெற்றிப்பொட்டில் சாய்த்துச் சுமக்கவைப்பாள். எதிராளி காலைப் பிடிக்கப் பாய்ந்தால் இவள் தன் காலைப் பின்னால் வீசி, இடுப்பை அவள் தோளின்மேல் இறக்குவாள். ஸ்ப்ரால் என்று சொல்வோம். சரியாக இறங்கிய இடுப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டவளுக்கு, மேலே இருப்பவளின் எடை எவ்வளவு என்று கேட்டால் இரண்டு மடங்கு சொல்வாள். பொய் சொல்கிறாள் என்று நினைக்கக் கூடாது. அவள் பாரத்தைச் சொல்கிறாள்.

இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். முழங்கால் அளவு நீரில், கடலைப் பார்த்து, மல்யுத்த நிலையில் நிற்கச் சொல்வேன். முழங்கால் மடிந்து, முதுகு நேராக, கை முன்னால். அலை வரும்போது யாரும் விழுவதில்லை. வருகிற அலையைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே. அலை திரும்பும்போதுதான் விழுவார்கள். திரும்புகிற நீர் குதிகாலுக்கு அடியிலிருக்கும் மணலைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு போகும். குதிகாலில் பாரத்தை வைத்து நின்றவள் அப்படியே மல்லாந்து உட்காருவாள். முன்பாதத்தில் நின்றவள் லேசாக அசைந்து வேறு இடம் மிதித்துக்கொள்வாள். தாக்குதலைவிட ஆபத்தானது தாக்குதல் ஓய்கிற நொடி. சுசாகிக்குப் பாரிஸில் நடந்தது இதுதான். நம்மிடமிருந்து அலை திரும்புகிற நேரத்தில் நம் குதிகால் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது புகுதல். இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கும் டபுள் லெக்தான் நான் முதலில் கற்றுக்கொடுக்கும் தாக்குதல். பார்க்க எளிது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றே: குனிந்துகொண்டு எட்டிப் பிடிப்பார்கள். கை முன்னால் போகும், இடுப்பு பின்னாலேயே நிற்கும். எதிராளி கழுத்தை ஒரு அழுத்து அழுத்தினால் முகம் மேட்டில். இடுப்பை இறக்கு, முழங்காலை அவள் இரண்டு பாதத்துக்கும் நடுவில் கொண்டுபோ, தலையை நிமிர்த்து, காதை அவள் விலாவில் ஒட்டு என்று வருடக்கணக்காகக் கத்தியிருக்கிறேன். பாதிப் பேருக்கு விளங்கும். பாதிப் பேருக்கு விளங்காது.

விளங்கவைத்தவர் அந்த மீன்கார அம்மாதான். ஒரு நாள் மகளின் பயிற்சி முடியக் காத்திருந்தார். நான் ஒரு பிள்ளைக்கு இருபதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். “தூக்கப் பாக்குதே டீச்சர் இது. தூக்கப் பாத்தா எதுவும் வராது. பாரத்துக்கு அடியில போயிடணும்” என்றார். தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு காட்டினார். கூடையை ஏற்றிவிட இன்னொருத்தி வேண்டும். அவள் கூடையை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவருவாள். அதற்குமேல் கூடை உயர்வதில்லை, இவர்தான் தாழ்கிறார். முழங்கால் மடிகிறது, முதுகு மடிவதில்லை. சும்மாடு கூடைக்கு நேர்கீழே போய் நிற்கிறது. பிறகு எழுந்திருக்கிறார், அவ்வளவே. கூடை தானாக மேலே வந்துவிடுகிறது. முப்பது வருடமாக அவர் கழுத்துக்கும் இடுப்புக்கும் தெரிந்ததை, நான் ஆங்கிலப் பெயர்களில் கத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பிள்ளை முதல் தடவையாகத் தன்னைவிட ஆறு கிலோ கூடுதலான பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

அடியில் போவதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 2016 ஆகஸ்ட் 17, ரியோ, 58 கிலோ பிரிவின் வெண்கல ஆட்டத்தைப் பார்க்கலாம். சாக்ஷி மாலிக் காலிறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் தோற்றவர். அந்த கோப்லோவா இறுதிப் போட்டிக்குப் போனதால்தான் ரெபசாஜ் என்ற மறுவாய்ப்புச் சுற்று வழியாகச் சாக்ஷிக்கு மறுவாழ்வு கிடைத்தது. வெண்கலத்துக்கான மோதலில் கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவாவிடம் முதல் சுற்றிலேயே 0-5 என்று பின்தங்கினார். ஐந்து புள்ளி பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் எட்டிப் பிடிப்பார்கள். சாக்ஷி எட்டவில்லை. திரும்பத் திரும்பத் தாழ்ந்து, காலுக்கு அடியில் புகுந்துகொண்டே இருந்தார். 5-5. கடைசி நொடிகளில் மறுபடியும் அதே காலில் புகுந்தார். முறையீட்டுப் புள்ளியையும் சேர்த்து 8-5. இந்தியப் பெண் ஒருவர் மல்யுத்தத்தில் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம். புதுமையான பிடி எதுவும் அந்த ஆட்டத்தில் இல்லை. எங்கள் கூடத்தில் முதல் மாதம் கற்றுக்கொடுப்பதுதான், ஆறாவது நிமிடத்திலும் உடையாமல்.

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு மல்லன் இருக்கிறான் என்று புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்வேன். முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனுக்கு மாமல்லன் என்று பட்டம். பெரிய மல்லன் என்று அர்த்தம். அந்தப் பட்டத்தால்தான் மாமல்லபுரம். ஏழாம் நூற்றாண்டில் ஓர் அரசன் தனக்கு வைத்துக்கொள்ளப் பெருமையான பெயர் என்று மல்லனைத் தேர்ந்தான். அதற்கும் முன்னால், புறநானூற்றில், போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் எதிராளியின் மார்பை அழுத்த, மறு கால் அவன் திமிறலைத் தடுத்துப் பின்பக்கம் வளைய நிற்கும் அந்த நிலையை, புலவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். பாரம் எந்தக் காலில், காவல் எந்தக் காலில் என்று பிரித்துச் சொல்கிறார். அதே கிள்ளியை விரும்பிப் பாடிய நக்கண்ணையார் ஒரு பெண். அவர் பார்க்கிறவராக இருந்தார். எங்கள் பிள்ளைகள் மேட்டில் இறங்கிவிட்டார்கள். இந்தத் தூரத்தைக் கடக்க இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

கடற்கரைப் பயிற்சி முடிந்து, உப்புத் தண்ணீர் காயாத உடையோடு மகிஷாசுரமர்த்தினி குகைக்கு அவர்களைக் கூட்டிப்போவது உண்டு. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சிற்பங்கள். ஒன்றில் பாம்பணையில் உறங்கும் திருமால். மற்றதில் சிங்கத்தின்மேல் வில்லை இழுத்தபடி வரும் துர்க்கை, எதிரே எருமைத்தலையும் மனித உடலுமாக மகிஷன். உருவத்தில் துர்க்கையைவிட அவன் பெரியவன். கையில் கதாயுதம் வேறு. முதல் தடவை அங்கே நின்றபோது பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல், “யார் ஜெயிப்பாங்க?” என்று மட்டும் கேட்டேன். சாமிதான் என்று சிலர் சொன்னார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி சுவருக்குப் பக்கத்தில் போய், அவன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, இவன் பாரம் பின்னால போயிடுச்சு. தோத்துட்டான்” என்றாள்.

அந்தச் சிற்பத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தும் எனக்கு அதுவரை அது தெரிந்ததில்லை. சிங்கமும் தேவியும் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறார்கள். மகிஷன் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறான். அம்பு இன்னும் வில்லைவிட்டுக் கிளம்பவில்லை. இரத்தம் இல்லை, வெட்டு இல்லை. தோல்வி அவன் நிற்கிற நிலைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் உளி பிடித்தவருக்கு மல்யுத்த மேட்டின் உண்மை தெரிந்திருக்கிறது: மோதலை முடிவுசெய்வது எவ்வளவு பெரிய உடம்பு என்பது இல்லை, அந்த உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே.

இந்தக் கலையைப் பற்றிப் பேசும்போது தொடுதலைப் பற்றிப் பேசாமல் போனால் அது அரைகுறை. மல்யுத்தத்தில் உடம்பு உடம்பைத் தொட்டே தீர வேண்டும். பிடரி, இடுப்பு, தொடை என்று ஒதுக்க இடம் கிடையாது. அப்படிப்பட்ட கலையைக் கற்றுக்கொடுக்கும் கைக்கு, வேறெந்தக் கைக்கும் இல்லாத பொறுப்பு இருக்கிறது. 2023-இல் சாக்ஷியும் வினேஷும் பஜ்ரங் புனியாவும் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து, வீராங்கனைகளுக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலைப் பற்றிக் குரல் எழுப்பியபோது, இங்கே எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உண்டா என்று எங்கள் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் வந்து வெளிப்படையாகவே கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வருடம் டிசம்பரில் சாக்ஷி தன் ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மல்யுத்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். மல்யுத்தத்தில் ஷூவைக் கழற்றி வைப்பது விடைபெறுவதன் அடையாளம். அதை மேட்டின் நடுவில் செய்யும் உரிமை அவருக்கு இருந்தது. மேசையில் வைக்க நேர்ந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தின் கதவை மூடுவதில்லை. எந்தத் தாயும் எந்த நேரமும் உள்ளே வந்து உட்காரலாம். ஒரு பிடியைக் காட்டுவதற்கு முன்னால், எங்கே தொடப்போகிறேன், ஏன் தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். பிள்ளை வேண்டாம் என்றால் டம்மியில் காட்டுவேன். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் மேட்டிலும் கழுத்தைக் கொடுக்காமல் நிற்கிறாள். இதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

எடை மெஷினையும் வாசலிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அது உள் அறையில், அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேண்டும்போது போய்ப் பார்க்கலாம். உள்ளே நுழைகிற பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது இப்போது மேட்.

போன வருடம் அந்த மீன்கார அம்மாவின் மகளுக்கு முதல் போட்டி. வயது பதினைந்து. காலையில் நாலு இட்லி சாப்பிட்ட பிறகு எடை 49.6 கிலோ. அவள் வயதுக்கு 49 ஒரு பிரிவு, அதற்குமேல் 53. கூட வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அறுநூறு கிராம்தானே, ஒரு வேளைச் சோற்றை விட்டால் போதும், கீழ்ப் பிரிவில் பதக்கம் உறுதி. அந்தப் பிள்ளையும் என் முகத்தைப் பார்த்தாள். பழைய மழைக்கோட்டு ஒரு நொடி ஞாபகத்துக்கு வந்தது. 53-இல் பெயர் கொடுத்தேன்.

எதிரே நின்றவள் இவளைவிட ஒரு பிடி உயரம், மூன்று கிலோவுக்குமேல் கூடுதல். முதல் சுற்றில் இவளை இரண்டு தடவை சாய்த்துவிட்டாள். இரண்டாவது சுற்றில் இவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கையை எட்டாமல், முழங்காலை நடுவில் கொண்டுபோய் அடியில் புகுந்தாள். இரண்டு புள்ளி. மறுபடியும் அதே போல் இன்னொரு தடவை. கடைசி நிமிடத்தில் ஒரு சாய்ப்பு வாங்கி 4-6 என்று தோற்றாள்.

திரும்பி வந்து பஸ் நிலையத்தில் இறங்கும்போது அம்மா கூடையோடு நின்றுகொண்டிருந்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மகளைக் கேட்காமல் என்னைத்தான் பார்த்தார்.

“அடியில போச்சா, டீச்சர்?”

“ரெண்டு தடவை போனா. ரெண்டு தடவையும் தூக்கிட்டா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, கூடையை ஏற்றிவிடச் சொல்லி மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். மகள் கூடையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். அம்மாவின் முழங்கால் மடிந்தது, முதுகு மடியவில்லை.